தங்கையின் சாவு தந்த ஆஸ்பத்திரி

பட்டுத் தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி என்ன செய்வார்? உடனே தறியை நிறுத்துவார். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவார். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் சேலையே பாழாகிவிடும். காஞ்சீபுரத்திலும் அதை அடுத்த முசரவாக்கத்திலும் இதை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நோயும் அப்படித்தான். காலத்தில் கண்டுபிடிக்க வேண்டும். இந்த உண்மையைத் தன் வீட்டுத் துயரத்தில் கற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

முதல் பெண்

அம்மையார் 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அபூர்வமாக இருந்த காலம் அது. அவரோ ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதல் பெண்ணும் அவரே. தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடுத்த போராட்டம் 1947-ல் சட்டமாக நிறைவேறியது.

தங்கை மறைந்தாள்

அம்மையாருக்குச் சுந்தராம்பாள் என்று ஒரு தங்கை. தங்கையின்மீது அவருக்கு உயிர். அவளுக்கு வயிற்று உபாதை கண்டது. சீதபேதி என்று எண்ணி வைத்தியம் செய்தார்கள். உண்மையில் அது மலக்குடலில் வந்த புற்று நோய். அது தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-ல் தங்கை கண்ணை மூடினாள்.

அக்காள் டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனை அம்மையாரை விடவே இல்லை. 1925-ல் மேல் படிப்புக்காக லண்டன் சென்றார். அங்கே புற்று நோய்க்கென்றே ஒரு தனி ஆஸ்பத்திரி இருப்பதைப் பார்த்தார். நம் நாட்டிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று உறுதி கொண்டார்.

புற்று நோய் என்றால் சாவு என்றே அன்று பலரும் நினைத்தார்கள். அதற்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்ற கேள்வியும் எழுந்தது. அம்மையார் சோர்ந்துவிடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு 1949-ல் நிதி திரட்டத் தொடங்கினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி அடையாற்றில் ஆஸ்பத்திரி பிறந்தது. அப்போது அதில் இருந்தவை 12 படுக்கைகளே. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள்.

1968 ஜூலை 22-ல் அம்மையார் காலமானார்.

ஊசி சொல்லும் உண்மை

தங்கையின் நோய் உரிய காலத்தில் தெரியவில்லை. இன்று நோயைக் கண்டறியப் பல வழிகள் உண்டு. அவற்றில் ஒன்று ஊசிச் சோதனை. கட்டியில் மெல்லிய ஊசியைச் செலுத்திச் சில உயிரணுக்களை உறிஞ்சி எடுப்பார்கள். அவற்றைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான். மயக்க மருந்து வேண்டியதில்லை.

நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஆஸ்பத்திரியின் மார்ட்டின், எல்லிஸ் என்ற இருவர் 1930-ல் இம்முறையைப் பற்றி எழுதினார்கள். பிறகு சுவீடன் நாட்டு டாக்டர்கள் இன்னும் மெல்லிய ஊசியைக் கொண்டு இதை வளர்த்தார்கள்.

தோலில் வரும் அபூர்வமான புற்று நோயையும் இந்த ஊசி காட்டிக் கொடுக்கும். மெர்க்கல் செல் புற்று நோய் என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் வயதானவர்களுக்கு, வெயில் படும் இடத்தில் சிறு கட்டியாகத் தோன்றும். வலி இராது. ஆனால் சில வாரங்களிலேயே வேகமாக வளரும். வலி இல்லையே என்று பலர் சும்மா இருந்துவிடுவார்கள். அதுதான் ஆபத்து. ஊசியில் சந்தேகம் தீராவிட்டால், சிறு துண்டுச் சதையை எடுத்துச் சோதிப்பார்கள்.

ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அப்படி நேர்வது மிக மிக அரிது. காலம் கடத்துவதால் வரும் கேடே பெரிது.

காஞ்சியிலும் உண்டு

காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணா 1968-ல் சிகிச்சை பெற்றதும் அதே மெமோரியல் ஆஸ்பத்திரியில்தான். 1969 பிப்ரவரி 3-ல் புற்று நோய் அவரைக் கொண்டுபோயிற்று. அவர் பெயரால் காஞ்சீபுரம் காரைப்பேட்டையில் அரசு புற்று நோய் ஆஸ்பத்திரி நடக்கிறது. முசரவாக்கத்து மக்கள் இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

வளரும் கட்டி, ஆறாத புண், நிறம் மாறும் மச்சம் இவற்றைக் கண்டால் அம்மா, பாட்டி, தாத்தா யாராக இருந்தாலும் உடனே அழைத்துச் செல்லுங்கள். தங்கைக்குக் கிடைக்காத அந்த வாய்ப்பு மற்றவர்களுக்குக் கிடைக்கவேண்டும் என்றுதான் அம்மையார் பாடுபட்டார்.