சவேரியார் பிறந்த கோட்டை

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் நவார்ரா என்னும் மாநிலம் உள்ளது. அங்கே ஹாவியேர் என்னும் சிற்றூரில் பழமையான கற்கோட்டை ஒன்று இருக்கின்றது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் மக்கள் திரள்திரளாக நடந்தே அக்கோட்டைக்கு வருகின்றனர். மாநிலத் தலைநகரான பாம்ப்லோனாவிலிருந்து வருவோர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நடக்கின்றனர். தமிழர் சவேரியார் என்றழைக்கும் புனித பிரான்சிஸ் சேவியர் பிறந்த இடம் அது. ஊரின் பெயரே அவருடைய பெயராயிற்று. அப்பெயர் பாஸ்கு மொழியில் 'புதுவீடு' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து தோன்றியது.

பிரான்சிஸ் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அவ்வீட்டின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். தந்தை நவார்ரா அரசவையில் உயர்பதவி வகித்தவர். 1512இல் அந்நாட்டை ஸ்பெயின் அரசரின் படைகள் கைப்பற்றின. 1515இல் தந்தை மறைந்தார். மறு ஆண்டே, வென்றவர்களின் ஆணைப்படி கோட்டையின் கோபுரங்களும் மதில்களும் இடிக்கப்பட்டன. தம் வீடு இடிபட்டபோது பிரான்சிசுக்கு வயது பத்து.

1525இல் அவர் கல்வி கற்கப் பாரிசு நகர் சென்றார். அங்கே பட்டம் பெற்று மெய்யியல் கற்பிக்கும் ஆசிரியரானார். அவருடன் ஒரே அறையில் தங்கியவர் லொயோலா இஞ்ஞாசியார். இவர் 1521ஆம் ஆண்டுப் போரில் பாம்ப்லோனாக் கோட்டையைக் காத்து நின்று காயமுற்றவர். பிரான்சிசின் தமையன்மாரோ எதிரணியைச் சேர்ந்தவர்கள். எனினும் இருவரும் உற்ற நண்பராயினர். 1534இல் நண்பர்கள் எழுவர் சேர்ந்து, எளிய வாழ்வும் இறைப்பணியும் மேற்கொள்வதாக உறுதி பூண்டனர்.

1541ஆம் ஆண்டு, தம் முப்பத்தைந்தாம் பிறந்தநாளன்று, லிஸ்பன் துறைமுகத்தில் பிரான்சிஸ் கப்பலேறினார். பதின்மூன்று மாதங்களுக்குப் பின் கோவாவை அடைந்தார். 1542இன் இறுதியில் தமிழகத்தின் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தூத்துக்குடி, மணப்பாடு முதலிய கடற்கரை ஊர்களில் பரதவர் மக்களிடையே பணியாற்றினார்.

அவருடைய தாய்மொழி பாஸ்கு. அம்மக்களின் மொழியோ தமிழ். ஒருவர் பேசுவது மற்றவர்க்கு விளங்கவில்லை. இருமொழியும் அறிந்தோரைத் தேடிக் கூட்டி, இறைவேண்டல்களைத் தமிழில் பெயர்க்கச் செய்தார்; அவற்றை வரிவரியாக மனப்பாடம் செய்தார். பின்னர்க் கையில் மணியுடன் தெருத்தெருவாக நடந்தார். மணியோசை கேட்டுச் சிறுவர்கள் கூடினர். அவர்கள் தாம் கற்றதைப் பெற்றோர்க்கும் அண்டை வீட்டார்க்கும் சொல்லிக் கொடுத்தனர். அவர் செல்ல இயலாத வீடுகளுக்கும் சிறுவர்களே சென்று, நோயுற்றோர் அருகில் நின்று வேண்டினர். பாரிசில் பாடம் நடத்தியவர் இங்கே மாணவரைப் போலத் தமிழ்ச் சொற்களைப் பழகினார். அவர் தமிழில் முழுத்தேர்ச்சி பெறவில்லை. ஆயினும் தெரிந்த சில வரிகளைச் சொல்ல நாணவில்லை.

பின்னர் மலாக்கா, சப்பான் முதலிய நாடுகளுக்கும் சென்றார். 1552ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் சீனக் கடற்கரையை அடுத்த சாங்சுவான் தீவில் காலமானார். அவரது உடல் கோவாவின் பொம் ஜேசு பேராலயத்தில் உள்ளது. 1622இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

இடிபட்ட கோட்டையைச் சீரமைக்கும் பணி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. கோட்டையை ஒட்டி எழுப்பப்பட்ட பேராலயம் 1901இல் திருநிலைப்படுத்தப்பட்டது. கோபுரங்களும் மீண்டும் எழுந்தன. இளமையில் அவ்வீட்டை விட்டுச் சென்றவர் அங்கு வாழத் திரும்பவில்லை. அவரை நினைந்து ஆயிரக்கணக்கானோர் இன்று அங்கு வருகின்றனர்.

மாணவர்களே, நம்மில் பலரும் பெற்றோரின் ஊரை விட்டு வேற்றுமொழி வழங்கும் ஊரில் வாழ்கின்றோம். புதிய ஊரில் முதற்சொல்லைப் பேசத் தயங்கும்போது, மணியுடன் நடந்த அம்மனிதரை எண்ணிப் பார்ப்போம்.

அருஞ்சொற்பொருள்
மெய்யியல் – தத்துவம்
தமையன் – அண்ணன்
நாணுதல் – வெட்கப்படுதல்

வினாக்கள்
1. ஹாவியேர் என்னும் ஊர்ப்பெயர் எப்பொருளுடைய சொல்லிலிருந்து தோன்றியது?
2. சவேரியார் தமிழில் வேண்டல்களை எவ்வாறு கற்றார்?
3. நீங்கள் இப்போது வாழும் ஊரின் மொழியில் முதலில் கற்ற சொல் எது? அதைக் கற்பித்தவர் யார்? ஐந்து வரிகளில் எழுதுக.