எஸ்ட்ரேஸில் தெரியும் டென்னிஸ் ரிட்ச்சி

ஓ.எஸ். லேப்ல எப்பவாவது எஸ்ட்ரேஸ் ஓட்டிப் பார்த்திருக்கீங்களா? லினக்ஸ் டெர்மினலில் ஒரு ஃபைலைக் காட்டச் சொல்லும் 'கேட்' கமாண்டுக்கு முன்னாடி அதைச் சேர்த்து அடிங்க. வரிவரியா ஓடும். ஒவ்வொரு வரியும் அந்த ப்ரோகிராம் கெர்னலிடம் கேட்ட ஒரு வேலை. அதுதான் சிஸ்டம் கால். ஓப்பன், ரீட், ரைட், க்ளோஸ்னு அதில் வரும் பெயர்களுக்குப் பின்னால் இருப்பவர்களில் ஒருவர் டென்னிஸ் ரிட்ச்சி.

1941 செப்டம்பர் 9 அன்று நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். அப்பா அலிஸ்டர், பெல் லேப்ஸ் விஞ்ஞானி. ஹார்வர்டில் இயற்பியல் படித்த டென்னிஸ், பிறகு கணிதத்தில் முனைவர் ஆய்வேடு எழுதினார். ஆனா பட்டம் வாங்கவே இல்லை! 1967-இல் அப்பா வேலை பார்த்த அதே பெல் லேப்ஸில் சேர்ந்தார்.

அங்கே மல்டிக்ஸ் என்ற பிரம்மாண்டமான ஓ.எஸ். திட்டம் நடந்துகொண்டிருந்தது. வேலை இழுத்துக்கொண்டே போக, 1969-இல் பெல் லேப்ஸ் விலகியது. கையில் பெரிய மெஷினும் இல்லை. அப்போது கென் தாம்ப்சன், ஓரமாகக் கிடந்த ஒரு சின்ன பி.டி.பி-7 கம்ப்யூட்டரில் யூனிக்ஸைத் தொடங்கினார். ரிட்ச்சியும் கூடவே நின்றார்.

இடம் குறைவு, அதனால் கால்களும் குறைவு. 1971 நவம்பரில் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டில் முப்பத்துச் சொச்சம் சிஸ்டம் கால்கள்தான். டிஸ்க்கில் உள்ள ஃபைலோ, டெர்மினலோ, டேப்போ, எல்லாத்துக்கும் அதே ரீட், அதே ரைட். புது ப்ரோகிராம் ஓட்டணுமா? ஃபோர்க் பண்ணு, எக்ஸெக் பண்ணு. அவ்வளவுதான்.

இதற்கிடையே ரிட்ச்சி சி மொழியை உருவாக்கினார். 1973-இல் கெர்னலையே சி-யில் திருப்பி எழுதினார்கள். அதனால்தான் யூனிக்ஸ் ஒரே மெஷினோடு முடங்காமல் வேறு மெஷின்களுக்கும் போக முடிந்தது. 1983-இல் இருவருக்கும் டூரிங் விருது கிடைத்தது.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலைப் புதிதாக எழுதினார். ஆனா சிஸ்டம் கால்களுக்கு யூனிக்ஸின் வழியைத்தான் பிடித்தார். இன்னைக்கு எஸ்ட்ரேஸில் ஓப்பன் 'ஓப்பன்-அட்' ஆகவும், ஃபோர்க் பெரும்பாலும் 'க்ளோன்' ஆகவும் வரும். ரீட், ரைட், க்ளோஸ் அப்படியே இருக்கு. நம்ம ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதே கதைதான்.

2011 அக்டோபர் 5 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்தபோது உலகமே பேசியது. ஒரு வாரம் கழித்து, நியூ ஜெர்சியில் தனியாக வாழ்ந்த ரிட்ச்சி தன் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 70. அந்தச் செய்தி பெரும்பாலானவர்களின் கண்ணில் படவே இல்லை. ஜாப்ஸின் ஐபோனுக்குள் ஓடுவதும் யூனிக்ஸ் வழிவந்த சிஸ்டம்தான்.

அடுத்த லேப்ல எஸ்ட்ரேஸ் ஓட்டும்போது அந்த ரீட், ரைட் வரிகளை ஒருதடவை நிதானமா படிங்க. ஐம்பது வருஷம் தாண்டியும் வேலை செய்யுது அவர் கைபட்ட டிசைன்.