பசித்துப் புசித்த சீனத் துறவி

காரைக்கால் என்றதும் காரைக்கால் அம்மையாரின் நினைவு வரும். பசியோடு வந்த சிவனடியாருக்குச் சோறும் மாங்கனியும் படைத்தவர் அவர். ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவுக்கு இன்றும் ஊரே திரள்கிறது.

காரைக்காலுக்கு வடக்கே பூம்புகார். தீராத பசி நோயால் வாடிய காயசண்டிகைக்கு, அந்த ஊரில்தான் மணிமேகலை அமுதசுரபியிலிருந்து அன்னமிட்டு நோய் தீர்த்தாள் என்பது பௌத்தக் காப்பியக் கதை. தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் நாகப்பட்டினம். ஒரு காலத்தில் பௌத்தம் தழைத்த துறைமுகம் அது.

வயிற்றையும் அறத்தையும் சேர்த்தே எண்ணிய கடற்கரை இது. இந்தக் கடல் வழியைத் தம் நூலில் குறித்து வைத்த ஒரு சீனத் துறவியும் அப்படியே எண்ணினார். வயிறு கெட்டால் உடல் கெடும். உடல் கெட்டால் தவமும் கெடும் என்பது அவர் கருத்து. அவர் பெயர் இட்சிங். பள்ளிப் பாடத்தில் பாஹியான், யுவான் சுவாங் ஆகியோரை அடுத்து வரும் பெயர்தான் அது.

குருவின் ஆசி

இட்சிங் கி.பி. 635-ல் பிறந்தார். சீனாவைத் தாங் வமிசத்தார் ஆண்ட காலம் அது. ஏழு வயதில் அவர் மடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு இரண்டு குருமார்கள். அவர்களுள் ஒருவர், இட்சிங்குக்குப் பன்னிரண்டு வயதானபோது காலமாகிவிட்டார்.

புத்தர் நடந்த மண்ணைக் காண வேண்டும் என்ற ஆசை பதினெட்டு வயதில் அவர் மனத்தில் விழுந்தது. ஆசை நிறைவேறப் பல ஆண்டுகள் ஆயின. கூடவே வருவதாகப் பல பிட்சுக்கள் சொன்னார்கள். புறப்படும் நேரத்தில் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். மிஞ்சியவர் ஓர் இளந்துறவி மட்டுமே.

இட்சிங் மறைந்த குருவின் சமாதிக்குப் போய் வணங்கினார். உயிரோடிருந்த குருவிடம் விடை கேட்டார். தம் தள்ளாமையை எண்ணித் தயங்காமல் போய் வா என்று அவர் ஆசி கூறி அனுப்பினார்.

கி.பி. 671-ல் காண்டன் துறைமுகத்தில் ஒரு பாரசீகக் கப்பலில் ஏறினார். சுமார் இருபது நாளில் ஸ்ரீவிஜயம் வந்தது. இன்றைய சுமத்ரா தீவில் இருந்த இராச்சியம் அது. கூட வந்த இளந்துறவி அங்கே நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பினார். இட்சிங் தனியாளானார். ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருதம் படித்தார். பிறகு கடாரம் வழியாகக் கப்பலில் சென்று, 673-ல் வங்காளத்துத் தாம்ரலிப்தி துறையில் இறங்கினார்.

காட்டு வழியில் கண்டம்

அங்கிருந்து புத்தகயைக்கு நடைப் பயணம். வியாபாரிகள் கூட்டத்தோடு புறப்பட்டார். வழியில் காய்ச்சலோ என்னவோ, பருவ நோய் ஒன்று அவரைப் பிடித்தது. கால் தள்ளாடியது. கூட்டம் முன்னே போய்விட்டது. இவர் மலைப்பாதையில் தனியே பின்தங்கினார்.

திருடர்கள் வளைத்துக்கொண்டார்கள். உடுத்திய துணியைக்கூட விடவில்லை. வெள்ளைத் தோல் உள்ளவரைப் பிடித்துப் பலி கொடுப்பார்கள் என்று வேறு அவர் கேள்விப்பட்டிருந்தார். என்ன செய்தார் தெரியுமா? சேற்றுக் குழியில் இறங்கி உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டார். இலைகளால் உடலை மறைத்தார். தடியை ஊன்றி மெல்ல மெல்ல நடந்தார். இரவில்தான் தம் தோழரை அடைந்தார்.

எவ்வளவு கல்வி இருந்தாலும், உடல் ஒத்துழைக்காவிட்டால் யாத்திரை நடுவழியில் நின்றுவிடும். இதை அவர் அந்தப் பாதையில் நேரில் கண்டார்.

நாளந்தாவில் பத்து ஆண்டுகள்

நாளந்தா மடத்தில் சுமார் பத்து ஆண்டுகள் கற்றார். சுவடிகள் சேர்த்தார். கூடவே பிட்சுக்களின் அன்றாட வாழ்க்கையையும் உன்னிப்பாகக் கவனித்தார்.

காலையில் மணி அடித்ததும் பிட்சுக்கள் கூட்டம் கூட்டமாகக் குளங்களுக்குப் போவார்கள். குளித்த பிறகே சாப்பாடு. சாப்பிட்ட பின் குளிப்பதில்லை. பல் துலக்கக் குச்சி. குடிக்கும் நீரில் பூச்சி புழு இருக்கிறதா என்று காலைதோறும் சோதனை. சாப்பிட்டதும் வாய் கொப்பளித்துக் கை கழுவ வேண்டும். மிச்சச் சோற்றை எடுத்து வைத்து மறுவேளைக்கு உண்பதில்லை. நடுப்பகலுக்குப் பின் உணவில்லை. உலாவி நடப்பது ஜீரணத்துக்கு நல்லது என்றும் கொண்டார்கள்.

இவை வினய விதிகள். துறவியின் ஒழுக்கத்துக்காக ஏற்பட்டவை. ஆனால் இவற்றில் பல வயிற்றுக்கும் காவலாக நின்றதை இட்சிங் கண்டுகொண்டார்.

சுக்கும் கடுக்காயும்

685-ல் அவர் சுவடிகளோடு கப்பலேறி ஸ்ரீவிஜயம் திரும்பினார். மொழிபெயர்க்கத் தாளும் மையும் போதவில்லை. ஊருக்குக் கடிதம் கொடுக்க 689-ல் ஒரு கப்பலில் ஏறினார். அதற்குள் காற்று வாய்த்தது. கப்பல் பாய் விரித்துப் புறப்பட்டுவிட்டது! அவர் காண்டனில் போய் இறங்கினார். சுவடிகளோ ஸ்ரீவிஜயத்தில். அந்த ஆண்டே நான்கு உதவியாளர்களோடு திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார்.

தாம் கண்டவற்றை நாற்பது அத்தியாயங்களில் எழுதினார். 692-ல் அந்த நூலைச் சீனாவுக்கு அனுப்பினார். அதில் நோயைப் பற்றியும் அத்தியாயங்கள் உண்டு.

முன் உண்டது ஜீரணமாகும் முன் மறுபடி உண்பதும், அளவுக்கு மீறி உழைப்பதும் நோய்க்கு வித்து என்கிறார். வயிறு சரியில்லை என்றால் முதலில் லங்கணம், அதாவது பட்டினி. அதிலும் ஊருக்கு ஊர் அளவு வேறு. நடு இந்தியாவில் அதிகம் போனால் ஒரு வாரம். தென்கடல் தீவுகளில் இரண்டு மூன்று நாள். வயிறு உப்பினால் வெந்நீர். சுக்குப் போட்ட வெந்நீரும் நல்லது என்கிறார். கடுக்காய்த் தோல், சுக்கு, சர்க்கரை மூன்றையும் சம அளவு சேர்த்து உருட்டிய மாத்திரையையும் குறிக்கிறார். நம் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும் சரக்குகள்தாம்!

இந்தியாவைப் புகழ்ந்ததால் தாய்நாட்டை அவர் மறக்கவில்லை. நாடி பார்ப்பதிலும் ஊசி குத்திச் சிகிச்சை செய்வதிலும் சீன வைத்தியருக்கு நிகரில்லை என்றார். சீன வைத்தியம் இரைப்பையையும் மண்ணீரலையும் உடல் வலுவுக்கு அடிப்படையாகக் கொள்கிறது. ஓயாத கவலை அவற்றைக் கெடுக்கும் என்றும் சொல்கிறது. ஆனால் சீன மக்கள் பச்சை மீனும் பச்சைக் காய்கறியும் உண்பதை இட்சிங் கண்டித்தார். சமைத்து உண்ணும் இந்திய வழக்கமே வயிற்றுக்கு நல்லது என்றார்.

உடலைச் சுட்டு வருத்தித் தியாகம் செய்யும் துறவிகளையும் அவர் ஏற்கவில்லை. புத்தரே பட்டினித் தவத்தை விட்டு, சுஜாதை தந்த பாலன்னம் உண்ட பிறகுதான் ஞானம் பெற்றார் அல்லவா? பெருந்தீனியும் ஆகாது, உடலை வதைப்பதும் ஆகாது.

அவர் சொன்னதை எல்லாம் இன்று அப்படியே பின்பற்றக் கூடாது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையைப் பட்டினி போடுவது ஆபத்து. உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்து, பாலும் உணவும் நிறுத்தாமல், டாக்டரிடம் காட்ட வேண்டும். நீரிழிவுக்காரர்களும் கர்ப்பிணிகளும் தாமாக லங்கணம் இருக்கக் கூடாது. சுத்தமான தண்ணீர், கழுவிய கை, அளவான சாப்பாடு இந்த மூன்றும் அன்றும் சரி, இன்றும் சரி.

நம் கரையின் பெயர்

தமக்கு முன்னும் தம் காலத்திலும் இந்தியா வந்த துறவிகளின் வரலாற்றையும் இட்சிங் எழுதினார். அதில்தான் நாகப்பட்டினம் வருகிறது. வூசிங் என்ற பிட்சு கடாரத்திலிருந்து முப்பது நாள் கடலில் வந்து நாகப்பட்டினத்தில் இறங்கினார்; அங்கிருந்து இரண்டு நாளில் சிங்களத் தீவை அடைந்தார். இட்சிங் இந்தக் கரையை மிதிக்கவில்லை. ஆனால் அவர் எழுதி வைத்ததால், சீனத் துறவிகள் வந்து இறங்கிய துறை இது என்று நமக்குத் தெரிகிறது.

695-ல் அவர் லோயாங் நகரம் திரும்பினார். கொண்டு வந்த சுவடிகள் சுமார் நானூறு. சக்கரவர்த்தினி வூ, நகரின் கிழக்கு வாயிலுக்கே வந்து வரவேற்றார். அதன் பிறகும் அவர் ஓயவில்லை. ஐம்பத்தாறு நூல்களைச் சீன மொழியில் பெயர்த்தார். 713-ல் காலமானார். சீனக் கணக்கில் வயது 79.

காட்டு வழியில் நோயோடு தள்ளாடிய மனிதர் அதன் பின் சுமார் நாற்பது ஆண்டு உழைத்தார். உடம்பை அவர் கொண்டாடவும் இல்லை, வெறுக்கவும் இல்லை. செய்ய வேண்டிய வேலைக்குக் கிடைத்த கருவி அது என்று காத்துக்கொண்டார். நம் வீட்டுப் பெரியவர்கள் பசித்துப் புசி என்று பிள்ளைகளுக்குச் சொல்வதும் அதற்காகத்தான்.