பிரையன் கிளஃப்: பயிற்றுவிப்பாளரின் குணம் மாறினால் குழுவுக்கு என்ன ஆகும்?

ஒரு காற்பந்துக் குழு. ஐரோப்பியக் கிண்ணத்தை 2 முறை வென்றிருக்கிறது. அதுதான் இன்றைய சாம்பியன்ஸ் லீக். ஆனால் சொந்த நாட்டின் லீக் பட்டத்தை வென்றது ஒரே ஒரு முறைதான்.

எந்தக் குழு தெரியுமா? நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட். உள்நாட்டு லீக் பட்டங்களைவிட ஐரோப்பியக் கிண்ணங்களை அதிகம் வைத்திருக்கும் ஒரே குழு அது.

அந்த மூன்றையும் வென்று தந்தவர் பிரையன் கிளஃப். பிரிமியர் லீக்கின் முதல் பருவத்தில் அதே குழு கடைசி இடத்துக்குச் சரிந்தபோது பொறுப்பில் இருந்தவரும் அவரே.

இடையில் என்ன ஆச்சு? அவர் இறந்து 20 ஆண்டுக்கு மேலாகிவிட்டது. இன்றும் பயிற்றுவிப்பாளர்களைப் பற்றிப் பேசும்போது அவர் பெயர் அடிபடாமல் இருப்பதில்லை. அதற்குக் காரணம் அந்தக் கேள்விதான்.

27 வயதில் நின்றுபோன கால்கள்

கிளஃப் 1935இல் இங்கிலாந்தின் மிடல்ஸ்பரோ நகரில் பிறந்தார். கோல் அடிப்பதில் கில்லாடி. மிடல்ஸ்பரோ, சண்டர்லந்து குழுக்களுக்காக 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் போட்டார்.

1962ஆம் ஆண்டு டிசம்பர் 26. பரி குழுவுக்கு எதிரான ஆட்டத்தில் எதிரணிக் கோல்காவலருடன் மோதி விழுந்தார். முழங்கால் தசைநார் கிழிந்தது. அப்போது வயது 27. பிறகு திரும்பி வர முயன்றார், முடியவில்லை. 29 வயதில் ஆட்டக்காரர் வாழ்க்கை முடிந்தது.

இன்னும் நிறைய சாதிக்கலாம் என்று இருந்தவரிடம் எல்லாமே பறிபோனது. தம்மை நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற வேகம் அதற்குப் பிறகு அவரை விடவே இல்லை.

1965இல் ஹார்ட்டல்பூல்ஸ் யுனைட்டெட் எனும் சிறிய குழு அவரை நிர்வாகியாக நியமித்தது. வயது வெறும் 30. கிளஃப் உடனே தம் பழைய நண்பரைக் கூப்பிட்டார். அவர் பெயர் பீட்டர் டெய்லர். மிடல்ஸ்பரோவில் கோல்காவலராக இருந்தவர்.

ஒருவர் கண், ஒருவர் வாய்

இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். திறமையான ஆட்டக்காரரை எங்கிருந்தாலும் கண்டுபிடிப்பது டெய்லர். அவரிடமிருந்து முழுத் திறனையும் வெளியே கொண்டுவருவது கிளஃப்.

இன்னொன்றும் உண்டு. கிளஃப் கோபப்பட்டால் உடைமாற்றும் அறையே அடங்கிப்போகும். அந்த நேரத்தில் ஒரு நகைச்சுவையைப் போட்டு இறுக்கத்தைத் தளர்த்தக்கூடியவர் டெய்லர். கிளஃப் தப்பான முடிவு எடுத்தால் முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடியவரும் அவரே.

1967இல் இருவரும் டார்பி கவுண்ட்டிக்குப் போனார்கள். அப்போது அந்தக் குழு இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. 1969இல் முதல் டிவிஷனுக்கு உயர்ந்தது. 1972இல் இங்கிலாந்தின் லீக் வெற்றியாளர். அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கிண்ண அரையிறுதி.

வெற்றியோடு கிளஃபின் வாயும் வளர்ந்தது. தொலைக்காட்சியில் யாரையும் விட்டுவைக்காமல் விமர்சித்தார். குழுவின் தலைவருடன் மோதல் முற்றியது. 1973 அக்டோபரில் இருவரும் பதவி விலகினார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்துப் போனார்கள். நிர்வாகிக்காக ஒரு குழுவே போராடத் தயாரானது அந்தக் காலத்தில் அபூர்வம்.

44 நாள்

1974இல் லீட்ஸ் யுனைட்டெட் அவரை அழைத்தது. அப்போது லீக் வெற்றியாளர் அந்தக் குழுதான். பல ஆண்டுகளாக அதை முரட்டு ஆட்டம் ஆடும் குழு என்று பொதுவெளியில் சாடி வந்தவர் கிளஃப். அப்படிப்பட்டவர் அங்கேயே பொறுப்பேற்றார்.

இந்த முறை டெய்லர் கூட வரவில்லை. பிரைட்டனிலேயே இருந்துவிட்டார்.

கிளஃப் என்ன செய்தார்? வென்ற பதக்கங்களை எல்லாம் குப்பைத் தொட்டியில் போடும்படி முதல் சந்திப்பிலேயே ஆட்டக்காரர்களிடம் சொன்னார். நேர்மையாக வென்றவை அல்ல என்பது அவர் வாதம். ஹார்ட்டல்பூல்ஸிலும் டார்பியிலும் ஆட்டக்காரர்களைத் தட்டி எழுப்பிய அதே துணிச்சல்தான் இது. ஆனால் இங்கே எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏற்கெனவே எல்லாம் வென்றவர்கள். அவர்கள் காதில் அது அவமானமாகத்தான் விழுந்தது.

6 லீக் ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. 44 நாளில் வேலை போனது.

அந்தக் குழு மோசமான குழுவா என்ன? இல்லை. அதே ஆட்டக்காரர்கள் வேறொரு நிர்வாகியின்கீழ் அந்தப் பருவத்திலேயே ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம்வரை போனார்கள்.

ஃபாரஸ்ட்டில் நடந்த அதிசயம்

1975 ஜனவரியில் கிளஃப் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட்டில் சேர்ந்தார். இரண்டாம் டிவிஷனில் தடுமாறிக்கொண்டிருந்த குழு. முதல் ஒன்றரை ஆண்டில் பெரிய மாற்றம் இல்லை. 1976இல் டெய்லர் வந்து சேர்ந்தார். அப்புறம் நடந்ததைப் பாருங்கள்:

- 1977: முதல் டிவிஷனுக்கு உயர்வு
- 1978: லீக் பட்டம், லீக் கிண்ணம்
- 1979: ஐரோப்பியக் கிண்ணம், மீண்டும் லீக் கிண்ணம்
- 1980: மீண்டும் ஐரோப்பியக் கிண்ணம்

இதற்கிடையே 42 லீக் ஆட்டங்களில் தொடர்ந்து தோல்வியே இல்லை.

எப்படி முடிந்தது? சிக்கலான உத்தி எதுவும் கிடையாது. பந்தைத் தரையில் வை, சக ஆட்டக்காரருக்குக் கொடு, நடுவரிடம் வாதாடாதே. அவ்வளவுதான். மீதி எல்லாம் மனத்தைக் கையாளும் வித்தை.

ஜான் ராபர்ட்சனை எடுத்துக்கொள்வோம். கொஞ்சம் பருமன், கையில் சிகரெட், கசங்கிய உடை. பார்த்தால் ஆட்டக்காரர் என்றே சொல்ல மாட்டீர்கள். அவரைக் கேலி செய்துகொண்டே, குழுவில் மிக முக்கியமானவர் அவர்தான் என்று நம்ப வைத்தார் கிளஃப். 1979 இறுதியாட்டத்தில் வெற்றி கோலுக்குப் பந்தைக் கொடுத்தவர் ராபர்ட்சன். 1980 இறுதியாட்டத்தின் ஒரே கோலை அடித்தவரும் ராபர்ட்சன்.

1979 லீக் கிண்ண இறுதியாட்டத்துக்கு முந்திய இரவு, தூங்கப் போக விரும்பிய ஆட்டக்காரர்களைக்கூட விடாமல் உட்கார வைத்து மது அருந்தச் சொன்னார் கிளஃப். பதற்றத்தைப் போக்கும் யோசனை அது. மறுநாள் 3-2 என்று வென்றார்கள். அந்த மதுவே பின்னாளில் பெரிய பிரச்சினையாகும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

பயத்தின் இன்னொரு முகம்

சும்மா புகழ்ந்துவிட்டுப் போக முடியாது. கிளஃபின் அதிகாரத்துக்கு இருண்ட பக்கமும் இருந்தது.

1981இல் ஜஸ்டின் ஃபஷானு எனும் இளம் தாக்குதல் ஆட்டக்காரரை 1 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது ஃபாரஸ்ட். பிரிட்டனில் அந்த விலைக்குப் போன முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர். ஃபஷானு ஓரினச் சேர்க்கையாளர் என்ற பேச்சு கிளஃபின் காதுக்கு எட்டியது. அவரை அவமானப்படுத்தினார். குழுவோடு பயிற்சி செய்யக்கூடாது என்றார். வந்தவரை வெளியேற்றக் காவல்துறையையும் அழைத்தார்.

டெய்லர் அப்போது பக்கத்தில்தான் இருந்தார். ஆனாலும் அது நடந்தது. ஃபஷானு அடுத்த ஆண்டே குழுவைவிட்டுப் போனார். அதன்பின் அவர் பழைய உச்சத்தை எட்டவே இல்லை. 1998இல் இறந்தார். தாம் நடந்துகொண்ட விதத்துக்காகக் கிளஃப் பின்னாளில் வருத்தம் தெரிவித்தார்.

ராபர்ட்சனை உயர்த்திய அதே மனிதர்தான் ஃபஷானுவை உடைத்தார். யார் மலர்வார், யார் ஒடிந்துபோவார் என்பது ஒரே ஒருவரின் மனநிலையைப் பொறுத்திருந்தது.

நட்பு முறிந்தபோது

1982இல் டெய்லர் ஓய்வுபெறுவதாகச் சொல்லி விலகினார். சில மாதங்களில் டார்பியின் நிர்வாகியானார். 1983இல் கிளஃப் ஊரில் இல்லாத நேரத்தில் ராபர்ட்சனை டார்பிக்கு அழைத்துக்கொண்டார். கிளஃப் அதைத் துரோகமாகப் பார்த்தார்.

அதோடு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. 1990இல் டெய்லர் இறந்துவிட்டார். சமாதானம் ஆகவே முடியவில்லை.

டெய்லர் போன பிறகும் கிளஃப் நல்ல குழுக்களை உருவாக்கினார். 1989, 1990 ஆண்டுகளில் லீக் கிண்ணத்தை வென்றார். அயர்லாந்திலிருந்து வந்த ராய் கீன் எனும் இளையரை நம்பி முதல் வாய்ப்புக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் ஐரோப்பியக் கிண்ணம், லீக் பட்டம் இரண்டும் திரும்ப வரவில்லை.

மனிதரும் மாறிக்கொண்டிருந்தார். குடிப்பழக்கம் கூடியது. 1989இல் ஒரு வெற்றிக்குப் பிறகு திடலுக்குள் ஓடிவந்த சொந்த ரசிகர்களை அடித்தார். அபராதம், தடை எல்லாம் வந்தது. சில நாளில் அந்த ரசிகர்களே மன்னிப்புக் கேட்டார்கள். கேட்டவர்கள் அடிவாங்கியவர்கள்! அந்த ஊரில் அவரை எதிர்த்துப் பேச ஆளே இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

1991இல் எஃப்ஏ கிண்ண இறுதியாட்டம். அவர் வெல்லாத ஒரே பெரிய உள்நாட்டுக் கிண்ணம் அது. 90 நிமிட முடிவில் 1-1. கூடுதல் நேரத்துக்கு முன்பு டோட்டன்ஹம் நிர்வாகி திடலுக்குள் போய்த் தம் ஆட்டக்காரர்களிடம் பேசினார். கிளஃப் இருக்கையைவிட்டு எழவே இல்லை. ஒரு வார்த்தையால் ஆட்களை மாற்றியவர் அன்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஃபாரஸ்ட் 2-1 என்று தோற்றது.

கடைசிப் பருவம்

1992இல் பிரிமியர் லீக் தொடங்கியது. அந்த ஆண்டு டெஸ் வாக்கர், டெடி ஷெரிங்ஹம் இருவரும் குழுவைவிட்டுப் போனார்கள். அந்த இடங்கள் சரியாக நிரப்பப்படவில்லை. திறமைக்குப் பஞ்சமில்லை, ராய் கீன் இருந்தார், கிளஃபின் மகன் நைஜல் இருந்தார். ஆனாலும் 22 குழுக்களில் 22ஆவது இடம்.

கிளஃபின் முகம் சிவந்து வீங்கியிருந்ததை எல்லாருமே பார்த்தார்கள். யார் போய்ச் சொல்வது? அவரிடம் எதிர்வார்த்தை பேசக்கூடாது என்பதுதான் 18 ஆண்டாக அந்தக் குழுவின் எழுதாத விதி. அந்த விதி ஒரு காலத்தில் கிண்ணங்களைக் கொண்டுவந்தது. இப்போது அவருக்கு உதவி தேவைப்பட்டபோது, அதே விதி எல்லார் வாயையும் கட்டிப்போட்டது.

1993 மே மாதம் சொந்தத் திடலில் கடைசி ஆட்டம். ஷெஃபீல்டு யுனைட்டெடிடம் தோல்வி. தரமிறக்கம் உறுதியானது. ஆனால் இரு தரப்பு ரசிகர்களும் எழுந்து நின்று அவர் பெயரைப் பாடினார்கள். வழக்கமான பச்சைச் சட்டையில், கண்கலங்கியபடி அவர் விடைபெற்றார்.

நமக்கு என்ன?

பயிற்றுவிப்பாளரின் குணம் குழுவுக்குள் இறங்கும். கிளஃப் துணிச்சலாக இருந்தபோது குழு துணிச்சலாக ஆடியது. அவர் தளர்ந்தபோது குழுவும் தளர்ந்தது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அவருடைய குணம் சிறப்பாக வேலை செய்த காலங்களில் எல்லாம், கூடாது என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தார். எல்லா நேரமும் தடுக்க முடியாவிட்டாலும், இருந்தார். இது காற்பந்துத் திடலோடு முடிந்துவிடும் விஷயம் இல்லை. பள்ளியிலும் வேலையிடத்திலும் நமக்குத் தெரிந்த அதட்டலான தலைவர்களுக்கும் பொருந்தும்.

ஓய்வுக்குப் பிறகு கிளஃப் குடிப்பழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். 2003இல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2004 செப்டம்பர் 20ஆம் தேதி, 69 வயதில் வயிற்றுப் புற்றுநோயால் காலமானார். டெய்லருடனான பிணக்கைத் தீர்க்காமல் விட்டதை எண்ணிக் கடைசிவரை வருந்தினார்.

நாட்டிங்ஹம் நகரில் கிளஃபுக்கு ஒரு சிலை இருக்கிறது. அதில் அவர் மட்டும். டார்பியில் இன்னொரு சிலை. அங்கே அவரும் டெய்லரும் சேர்ந்து நிற்கிறார்கள்.