சாண்டோ சின்னப்பா தேவர்: கோதாக் கோலமும் முதுமைத் தோற்றமும்

ஆய்வுச்சுருக்கம்

மல்லர்க்கும் உடற்பயிற்சி வல்லார்க்கும் கோதாவில் அணியும் உடை வெறும் வசதிக்கானது அன்று. உடலின் வலிமையைக் காண்போர்க்கு அறிவிக்கும் குறி அது. உடல் தளரும் முதுமையில் அக்குறி என்னவாகிறது என்பதே இக்கட்டுரையின் வினா. பயிற்சிச்சாலையில் உருவாகித் திரைப்படத் தயாரிப்பாளராக உயர்ந்த சாண்டோ மா. மா. அ. சின்னப்பா தேவரின் (1915–1978) வாழ்க்கையை இவ்வினாவின் வழி நின்று இக்கட்டுரை நோக்குகிறது. இளமையில் வலிமையின் அடையாளமாக இருந்த வெற்று மார்பு, முதுமையில் சந்தனத்தாலும் திருநீற்றாலும் பத்தியின் அடையாளமாக மாறியதையும், அம்மாற்றத்தின் சமூகப் பின்புலத்தையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சின்னப்பா தேவர், சாண்டோ, மற்போர், கோதா, ஆடைக் குறியியல், மருதமலை, கீழத்தஞ்சை.

முன்னுரை

தமிழ்த் திரையுலக வரலாற்றில் சின்னப்பா தேவர் பெரும்பாலும் இரு வகையாகவே நினைக்கப்படுகிறார். எம்.ஜி.ஆரை நாயகராக வைத்துப் பதினாறு படங்கள் எடுத்த தயாரிப்பாளர் என்பது ஒன்று. முருகன்பால் கொண்ட பத்தியால் பேர்பெற்றவர் என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் முற்பட்ட அவரது வாழ்க்கை, உடலை வளர்த்து அதனைக் காட்சிப்படுத்திய வாழ்க்கை. அம்முதற் பகுதி பிற்பகுதிகளுக்கு வெறும் முன்கதையாகவே கருதப்பட்டு வந்துள்ளது. அது பிற்காலத்திலும் மறையாமல், உடை வழியாகவும் பெயர் வழியாகவும் தொடர்ந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

சாண்டோ என்னும் பெயர்

சாண்டோ என்பது ஓர் ஐரோப்பியரின் மேடைப்பெயர். பிரஷ்ய நாட்டுக் கோனிக்ஸ்பெர்க் நகரில் 1867இல் பிறந்த யூஜின் சாண்டோ, 1889இல் இலண்டன் மேடையில் நடந்த வலிமைப் போட்டியில் வென்று புகழ்பெற்றார். அன்று அவர் மாலை விருந்துக்குரிய உடையில் மேடையேறி, அதனைக் களைந்து, அடியில் அணிந்திருந்த உடற்பயிற்சி உடையில் தோன்றினார். மூடிய உடல் திறக்கப்படும் அக்கணமே அவரது கலையின் உயிர் எனலாம். பின்னர் உடல் முழுதும் வெண்பொடி பூசிக் கிரேக்கப் பளிங்குச் சிலைகளைப் போல நின்று காட்டுவதையும் அவர் வழக்கமாக்கினார். பொடி, தசையைச் சிலையாக்கியது, காட்சியைக் கலையாக்கியது.

1904–05ஆம் ஆண்டுகளில் அவர் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அதன்பின் அவர் பெயர் இந்திய மொழிகளில் பொதுப்பெயராகப் பரவியது. வங்க மொழியில் கையில்லாத உள்பனியனைச் சாண்டோ கெஞ்சி என்பர். அங்கே அப்பெயர் ஆடைக்கு ஆயிற்று. தமிழகத்தில் அது ஆளின் பெயர்க்கு முன்னோ பின்னோ நிற்கும் பட்டமாயிற்று. புதுக்கோட்டையில் பிறந்து, பம்பாய் மௌனப் படங்களில் நடித்து, 1935இல் வெளிவந்த 'மேனகா' படத்தை இயக்கிய ராஜா சாண்டோ இப்பட்டத்தைத் தாங்கியவருள் முன்னோடி. சின்னப்பா தேவருக்கு அது பெயரின் முன்னொட்டாக வாழ்நாள் முழுதும் நிலைத்தது. கோதாவை விட்டு விலகிய பிறகும் கழற்றப்படாத சொல்லாடை என இதனைக் கொள்ளலாம்.

தமிழ் மரபில் மல்லர்

அயற்பெயர் ஒன்று இத்துணை எளிதாக வேரூன்றியதற்கு மண்ணில் முன்பே இருந்த மரபும் காரணம். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்ற செய்தியைச் சாத்தந்தையார் பாடிய புறநானூற்றுப் பாடல்கள் காட்டுகின்றன. பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் பெயர் பூண்டான். மற்போர் வெற்றி அரசனுக்கே அணியாகத் தகுந்தது என்பது இவற்றால் விளங்கும். மல்லனுக்கு உடலே கவசம். போர்க்களத்து வீரனைப் போல அவன் மெய்யை மறைப்பதில்லை. பயிற்சிச்சாலைகளில் லங்கோடு ஒன்றே உடையாக, கரலாக்கட்டையும் தண்டாலும் பஸ்கியும் பயின்றவர்களிடம் இம்மரபின் தொடர்ச்சி காணப்படுகிறது.

பஞ்சாலையும் பயிற்சிச்சாலையும்

சின்னப்பா தேவர் 1915ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் கோயம்புத்தூர் இராமநாதபுரத்தில் பிறந்தார். தந்தையார் அய்யாவு தேவர்; தாயார் இராமாக்காள். வறுமை காரணமாகக் கல்வி தொடக்க நிலையோடு நின்றது. பங்கஜா ஆலையில் தொழிலாளியாக வேலை பார்த்தார். பால் வணிகம், சோடா வணிகம் முதலியவற்றிலும் ஈடுபட்டார். இவற்றோடு நண்பர்களைச் சேர்த்து வீர மாருதி தேகப்பயிற்சி சாலையை நடத்தினார்.

ஆலைத் தொழிலாளியின் உடலும் பயிற்சிச்சாலை இளைஞனின் உடலும் ஒன்றே. ஆனால் அவற்றின் மதிப்பு வேறு. ஆலையில் வியர்வை கூலிக்கு விற்கப்படுகிறது. பயிற்சிச்சாலையில் அதே வியர்வை பிறர் வியக்கும் பெருமையாகிறது. உழைப்பவனின் வெற்றுடம்பு யார் கண்ணிலும் படுவதில்லை; சாண்டோவின் வெற்றுடம்போ காண்பதற்கென்றே நிறுத்தப்படுகிறது. தொழிலாளர் குடியிருப்புகளில் பயிற்சிச்சாலைகள் பெற்ற செல்வாக்கை இவ்வேறுபாட்டின் வழியே புரிந்துகொள்ள முடியும். சாலைக்கு இடப்பட்ட பெயரும் கருதத்தக்கது. மாருதி மல்லர்களின் வழிபடு தெய்வம். வலிமையும் தொண்டும் ஓருருவில் அமைந்தவர். பின்னாளில் தேவரின் தோற்றத்தில் நிகழவிருந்த மாற்றத்திற்கான வித்து அப்பெயரிலேயே இருந்தது.

திரைக் கோதா

கோவையில் இயங்கிய சென்ட்ரல் ஸ்டூடியோவும் ஜூபிடர் நிறுவனமும் கட்டுடல் கொண்ட இளைஞர்களுக்குப் புதிய களம் அமைத்தன. தேவர் சண்டைக் காட்சிகளிலும் சிறு வேடங்களிலும் தோன்றினார். ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கி 1947இல் வெளிவந்த 'ராஜகுமாரி' படத்தில் நாயகர் எம்.ஜி.ஆரோடு மோதும் வேடம் அவருக்குக் கிடைத்தது. இருவரிடையே நிலவிய நட்பும் அக்காலத்ததே.

சண்டை நடிகரின் உடல் திரையில் விந்தையான நிலையை உடையது. அது வலியதாக இருத்தல் வேண்டும். ஆயினும் தோற்றே தீர வேண்டும். வென்றவன் நாயகன் என்பதற்குச் சான்றாகவே வலியவன் நிறுத்தப்படுகிறான். அகவை நாற்பதை அடைந்தபோது தேவர் இந்நிலையிலிருந்து வெளியேறினார். 1956இல் தேவர் பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, தம்பி எம்.ஏ. திருமுகத்தின் இயக்கத்தில் 'தாய்க்குப்பின் தாரம்' படத்தை எடுத்தார். அடுத்த ஆண்டு ரஞ்சன் நடித்த 'நீலமலைத் திருடன்' வந்தது. 1961இல் 'தாய் சொல்லைத் தட்டாதே' தொடங்கி 1972இல் 'நல்ல நேரம்' வரை எம்.ஜி.ஆர். நடித்த படங்கள் தொடர்ந்தன.

இப்படங்களில் காளையும் யானையும் புலியும் பாம்பும் கதைமாந்தர்க்கு நிகரான இடம் பெற்றன. 1967இல் வந்த 'தெய்வச்செயல்' படத்தின் யானைக் கதை, இந்தியில் இராஜேஷ் கன்னா நடிக்க 'ஹாத்தி மேரே சாத்தி' என 1971இல் பெருவெற்றி பெற்றது. அதன் தமிழ் வடிவமே 'நல்ல நேரம்'. முதுமை நெருங்க நெருங்கத் தேவர் தம் உடலால் செய்து வந்ததை நாயகனின் உடலுக்கும் விலங்கின் உடலுக்கும் ஒப்படைத்தார் எனக் கருத இடமுண்டு. வலிமைக் காட்சி நின்றுவிடவில்லை. அதனை நிகழ்த்தும் உடல் மாறியது.

கீழத்தஞ்சையிலிருந்து ஒரு பார்வை

வலிமைக் காட்சியைப் பிறர்க்கு ஒப்படைத்த பின்னும் தேவர் தம் உடலை மூடிக்கொள்ளவில்லை. மேலாடையின்றி வேட்டியோடு பொதுவிடங்களில் தோன்றுவதே அவரது அறியப்பட்ட கோலம். இதன் பொருளை அறிய, வெற்று மார்பு தமிழகத்தில் வேறெவ்வாறெல்லாம் பொருள் பெற்றது என்பதைக் காண வேண்டும். அதற்குத் தக்க களம் காவிரிப் படுகை.

திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, நாகப்பட்டினம் வட்டாரங்களில் பண்ணையாள்களாக இருந்த ஒடுக்கப்பட்ட மக்கள் தோளில் துண்டு இடுவதும் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டுவதும் நிலக்கிழார் முன் குற்றமாகக் கருதப்பட்டன. மேனியைத் திறந்து நிற்பது அங்கே பணிவின் கட்டாயம். 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் முன்னின்று நடத்திய விவசாயத் தொழிலாளர் இயக்கம் சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்தபோது, ஆடை உரிமையும் அப்போராட்டத்தின் கூறாயிற்று. திருத்துறைப்பூண்டியில் அமைந்துள்ள சீனிவாசராவின் நினைவிடம் அவ்வரலாற்றை இன்றும் நினைவூட்டுகிறது.

அதே படுகையைச் சேர்ந்த நாகசுவர மேதை திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) எடுத்துக்காட்டும் இங்குப் பொருந்தும். நாகசுவரக் கலைஞர் மேலாடையின்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும் என்ற வழக்கத்திற்கு மாறாக, அவர் தலைமுடியைக் கத்தரித்து, சட்டையும் ஷெர்வானியும் அணிந்து, மேடையில் அமர்ந்து வாசித்தார். மூடிய உடலே அவருக்கு மதிப்பின் குறி.

இவ்விரு நிகழ்வுகளோடும் ஒப்பிட, தேவரின் கோலம் எதிர்த்திசையில் செல்வது தெரிகிறது. பண்ணையாள் திறந்த மார்போடு நிறுத்தப்பட்டார். ராஜரத்தினம் பிள்ளை மூடிக்கொள்ளும் உரிமையைத் தாமே எடுத்துக்கொண்டார். தேவர் திறந்து நிற்பதைத் தாமே தேர்ந்தார். தேர்வுரிமை இருக்கும்போதுதான் வெற்றுடம்பு பெருமையாகிறது. அவ்வுரிமை தேவருக்கு உடலால் மட்டும் வந்ததன்று. பேசிய ஊதியத்தைத் தயங்காமல் தரும் முதலாளி என்ற பெயரும், பெயரோடு ஒட்டிய சாதிப்பட்டம் தந்த சமூக இடமும், சாண்டோ என்னும் பட்டமும் ஒருங்கே அதற்குத் துணைநின்றன. ஆலையில் வெற்றுடம்போடு உழைக்கும் ஒருவர் அதே கோலத்தில் படநிறுவன அலுவலகத்தில் நுழைந்திருந்தால் வாயிலிலேயே நிறுத்தப்பட்டிருப்பார். ஆகவே தேவரின் எளிமையைப் போற்றும்போது, அவ்வெளிமை செல்வாக்கின் மேல் நின்றது என்பதையும் உடன் கருதுதல் வேண்டும். அதே வேளையில், தாம் ஒரு காலத்தில் ஆலையில் சுமந்த உடலையே செல்வர் அவையிலும் மறைக்காமல் கொண்டுசென்றார் என்பதும் உண்மை. இவ்விரு வாசிப்புகளில் ஒன்றை மட்டும் கொள்வது அவரைச் சுருக்கிவிடும்.

சந்தனமும் திருநீறும்

இளமையின் வெற்று மார்பு தசையைக் காட்டியது. அகவை ஐம்பதைக் கடந்த பின் உடல் பருத்தது, தசைக்கட்டு தளர்ந்தது. அதே மார்பை அதே வகையில் காட்டினால் இழப்பே புலப்படும். இந்நிலையில் சந்தனப் பூச்சும் திருநீறும் உடலின் பொருளை மாற்றின. காண்பவர் கண் தசையின் திண்மையை அளவிடாமல், பூசப்பட்ட குறியைப் படிக்கத் தொடங்கியது. யூஜின் சாண்டோவின் வெண்பொடி உடலைச் சிலையாக்கியது போல, தேவரின் சந்தனமும் நீறும் உடலை அடியவர் மேனியாக்கின. சிலைக்கு முதுமை ஒவ்வாது. அடியவர்க்கோ முதுமை குறையன்று. பழுத்த அன்பின் சான்று. தமிழ்ப் பத்தி மரபில் திருநாவுக்கரசர் முதுமைக் கோலத்திலேயே பெரிதும் வணங்கப்படுவது இங்கு நினைக்கத்தக்கது.

இம்மாற்றம் தோற்றத்தளவில் நின்றுவிடவில்லை. படங்களின் வருவாயில் முருகன் கோயில்களுக்குப் பங்கு ஒதுக்கினார். மருதமலையில் திருப்பணிகள் செய்தார். உரையாடலில் முருகனை அருகிலிருக்கும் பங்காளியை விளிப்பது போல விளிப்பது அவர் இயல்பு. தண்டாயுதபாணி பிலிம்ஸ் என்னும் பெயரில் 'துணைவன்' (1969), 'தெய்வம்' (1972) முதலிய பத்திப் படங்களை எடுத்தார். 'தெய்வம்' படத்தில் இசைவாணர் மதுரை சோமு திரையில் தோன்றி மருதமலை முருகனைப் பாடினார். இவ்வாறு உடல்மேல் பூசிய குறிக்குச் செயலும் சான்றாக நின்றது. சான்றில்லாத குறி வேடமாகியிருக்கும்.

முருகன் என்னும் தேர்வும் தற்செயலன்று. ஆண்டிக் கோலத்தில் கோவணத்தோடு தண்டு ஏந்தி நிற்கும் பழனி முருகனின் உருவம், மல்லனின் லங்கோட்டுக்கும் துறவியின் கோவணத்துக்கும் இடையே உள்ள தொலைவைக் குறைத்துவிடுகிறது. குறைந்த ஆடை வலிமையையும் குறிக்கலாம், பற்றின்மையையும் குறிக்கலாம். தேவர் முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்ல ஆடையை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

தாரா சிங்கோடு ஓர் ஒப்பீடு

வட இந்தியாவில் இதற்கு இணையாகத் தாரா சிங்கின் (1928–2012) வாழ்க்கையைக் காணலாம். தொழில்முறை மற்போரில் அரைக்கச்சையோடு கோதாவில் நின்று புகழ்பெற்ற அவர், கோதாவிலிருந்து ஓய்வு பெற்ற பின், அறுபதை நெருங்கும் அகவையில், 1987இல் தொடங்கிய இராமாயணத் தொலைக்காட்சித் தொடரில் அனுமனாகத் தோன்றினார். இங்கும் மல்லன் உடல் பத்தியின் உடலாயிற்று. ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு. தாரா சிங்குக்கு அது ஒப்பனை அறையில் அணிந்து கழற்றும் வேடம். தேவருக்கோ அன்றாடக் கோலம். முன்னவர் தெய்வமாகத் தோன்றினார்; பின்னவர் தெய்வத்தின் முன் நிற்பவராகத் தோன்றினார். வேடமின்றி நிகழ்ந்தமையால் தேவரின் மாற்றம் அவரது இயல்பாகவே மக்களால் ஏற்கப்பட்டது.

முடிவுரை

'தாய் மீது சத்தியம்' படப்பணி நடைபெற்ற காலத்தில், 1978 செப்டம்பர் 8ஆம் நாள், தம் 63ஆம் அகவையில் சின்னப்பா தேவர் மறைந்தார். அவரது வாழ்க்கையை ஆடை வழியாக நோக்கும்போது பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

கோதாவில் உருவான தோற்றம் கோதாவை விட்டு நீங்கியதும் அழிவதில்லை. பெயரிலும் கோலத்திலும் தங்குகிறது. முதுமையில் அத்தோற்றம் நிலைபெற உடலின் வலிமை போதாதபோது, வேறொரு பண்பாட்டுக் குறி அதற்கு வேண்டப்படுகிறது. தேவரிடம் அக்குறி முருக பத்தியாக அமைந்தது. அக்குறி செல்லுபடியானதற்கு மரபும் செயலும் மட்டுமன்றிச் செல்வமும் சமூக நிலையும் காரணங்கள். கீழத்தஞ்சைப் பண்ணையாளின் வெற்றுடம்போடு ஒப்பிடாமல் இதனைத் தெளிவாகக் காண இயலாது. ஒரே வெற்று மார்பு ஓரிடத்தில் அடிமையின் குறியாகவும், ஓரிடத்தில் வீரத்தின் குறியாகவும், மற்றோரிடத்தில் அருளின் குறியாகவும் நிற்கிறது. அதனை எவர் விரும்பித் திறந்தார், எவர் திறக்கப் பணிக்கப்பட்டார் என்பதே அதன் பொருளை முடிவுசெய்கிறது. தமிழகப் பயிற்சிச்சாலை மரபையும் ஆடை வரலாற்றையும் ஒருங்கே ஆராயும் மேலாய்வுகளுக்கு இந்நோக்கு துணைபுரியும்.