கதவு தட்டிய இரவு

நுழையும்முன்

மனிதர் தம் வாழ்வுக்கு ஒரு வழி வகுக்கின்றனர். காலம் வேறொரு வழியைக் காட்டுகிறது. அந்தப் புதுவழியில் துணிந்து அடியெடுத்து வைக்கச் சிலருக்கு அறிவு துணை நிற்கும். சிலருக்கு இறைநம்பிக்கை துணை நிற்கும். வேலூரின் பெயரை மருத்துவ உலகம் அறியச் செய்த ஐடா ஸ்கடரின் வாழ்வில் இவ்விரண்டும் கைகோத்து நடந்தன.

மருத்துவர் குடும்பம்

ஐடா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர், 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்தவர். யாழ்ப்பாணப் பகுதியில் மருத்துவமும் கிறித்தவ இறைப்பணியும் செய்து, பின்னர்ச் சென்னைக்கு வந்து அப்பணியைத் தொடர்ந்தவர். தந்தையும் அதே பெயர் கொண்ட மருத்துவர். அதே பணியில் வாழ்நாளைச் செலவிட்டவர்.

ஐடா சிறுமியாக இருந்தபோது தாது வருடப் பஞ்சம் தமிழகத்தை வாட்டியது. பசியால் மெலிந்த குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளை ஊட்டிய நாள்களின் நினைவு அவர் நெஞ்சில் வடுவாகத் தங்கிவிட்டது. பின்னர் அமெரிக்காவில் பள்ளிக்கல்வி பெற்றார். பெற்றோர் பணியின் பொருட்டு மீண்டும் இந்தியா சென்றுவிட, அவர்களைப் பிரிந்து வாழ நேர்ந்தது. பஞ்சத்தின் கொடுமையும் பிரிவின் துயரும் அவரை ஓர் உறுதிக்குக் கொண்டுவந்தன. குடும்பத்தினர் சென்ற வழியில் தாம் செல்வதில்லை. அமெரிக்காவிலேயே வளமாக வாழ்வது என்பதே அவ்வுறுதி.

மூன்று மரணங்கள்

1890இல் தாயின் உடல்நலம் குன்றியதால், அவருக்குத் துணையாக இருக்க ஐடா திண்டிவனம் வந்தார். சில காலம் தங்கிவிட்டுத் திரும்புவதே அவர் எண்ணம். ஆயினும் ஓர் இரவு அவ்வெண்ணத்தை மாற்றியது.

அன்றிரவு ஓர் அந்தண இளைஞர் வந்து கதவைத் தட்டினார். அவருடைய இளம் மனைவி பேறுகால வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். தாம் மருத்துவம் கற்கவில்லை என்றும், மருத்துவரான தம் தந்தையை உடன் அனுப்புவதாகவும் ஐடா கூறினார். வேற்று ஆடவர் தம் மனைவியைக் காண்பது மரபன்று எனக் கூறி அவர் திரும்பிச் சென்றார். சிறிது நேரத்தில் ஓர் இசுலாமியர் அதே வேண்டுகோளுடன் வந்தார். அதே காரணம் சொல்லித் திரும்பினார். மூன்றாவதாக இன்னோர் இந்துக் குடும்பத்தவர் வந்தார். அவரும் அவ்வாறே சென்றார்.

ஐடாவுக்கு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் ஊருக்குள்ளிருந்து சாவுப்பறை ஒலித்தது. ஆளனுப்பி விசாரித்தபோது, மூன்று பெண்களும் இறந்துபோயினர் என்ற செய்தி கிடைத்தது. ஒரு பெண் மருத்துவர் இருந்திருந்தால் மூவரும் பிழைத்திருக்கக்கூடும். நெடுநேரம் தனித்திருந்து இறைவனை வேண்டினார். கேட்ட குரல் இறைவனின் அழைப்பே எனத் தெளிந்தார். மருத்துவம் கற்று இங்கேயே திரும்பி வரப்போவதாகப் பெற்றோரிடம் தெரிவித்தார்.

தனித்து நின்ற தொடக்கம்

பிலடெல்பியாவிலும், பெண்களுக்குப் புதிதாகக் கதவு திறந்திருந்த நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியிலும் பயின்று 1899இல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை எழுப்ப நிதி திரட்டும் பொறுப்பும் அவரிடம் தரப்பட்டிருந்தது. ராபர்ட் ஷெல் என்னும் வங்கியாளர், மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார்.

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். அனுபவம் மிக்க தந்தையின் அருகிலிருந்து தொழில் பழகலாம் என்பது அவர் நம்பிக்கை. ஆனால், அவ்வாண்டு மே மாதமே தந்தை காலமானார். கையில் பட்டம் இருந்தது, வழிகாட்டத் துணையில்லை. இளம்பெண் ஒருத்தியின் மருத்துவத்தை மக்களும் தொடக்கத்தில் எளிதில் நம்பவில்லை. ஐடா பின்வாங்கவில்லை. வீட்டின் சிறிய அறையொன்றில் ஒரே ஒரு கட்டிலுடன் மருத்துவம் தொடங்கினார். நாளடைவில் அவ்வறையின் வாயிலில் மக்கள் திரண்டனர். 1902இல் நாற்பது படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

ஒருவரிலிருந்து பலராக

மருத்துவமனைக்கு வர இயலாதோரைத் தேடி ஐடா ஊர்களுக்குச் சென்றார். முதலில் மாட்டுவண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் குடியாத்தம் செல்லும் சாலையில் அவர் பயணம் செய்வார். வழிநெடுக மரநிழல்களில் நோயாளிகள் காத்திருப்பர். எத்தனை பேரைக் கண்டாலும், காணாமல் விட்டவர்கள் அதனினும் மிகுதியாக இருந்தனர். தாம் ஒருவர் மட்டும் மருத்துவராக இருந்தால் திண்டிவனத்து இரவு வேறு ஊர்களில் தொடரும் என உணர்ந்தார். இந்நாட்டுப் பெண்களையே மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் ஆக்க வேண்டும் எனத் துணிந்தார்.

மருத்துவம் பயில இந்தியப் பெண்கள் முன்வரமாட்டார்கள் என்று பலர் ஐயுற்றனர். எனினும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1922இல் முதல் அணியில் பதினான்கு பெண்கள் தேர்ச்சி பெற்று வெளிவந்தனர்.

தம் திட்டத்தையும் விட்டுக்கொடுத்தல்

1938இல் மற்றொரு சோதனை வந்தது. மருத்துவப் பயிற்சி இனிப் பல்கலைக்கழகப் பட்ட நிலையிலேயே அமைய வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. படுக்கைகள், ஆய்வகங்கள், உயர்பட்டம் பெற்ற ஆசிரியர்கள் எனத் தேவைகள் பெருகின, பணமோ இல்லை. இரு பாலரும் பயிலும் கல்லூரியாக மாற்றினால் கூடுதல் உதவி கிடைக்கும் என்ற கருத்து எழுந்தது. பெண்களுக்காகவே பொருள் கொடுத்துவந்த நெடுநாள் நண்பர்கள் சிலர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். பெண்களுக்கென்றே அப்பள்ளியை நிறுவிய ஐடாவுக்கும் அது எளிதன்று. ஆயினும், கல்லூரி தம் உடைமையன்று. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணி என்று கருதி அம்மாற்றத்துக்கு இசைந்தார். எழுபது வயதைக் கடந்த நிலையில், உலகப்போர் நடந்த காலத்தில், அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். கல்லூரி பல்கலைக்கழக ஏற்பைப் பெற்றது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

பணி ஓய்வுக்குப் பின் கொடைக்கானலில் வாழ்ந்த ஐடா, 1960ஆம் ஆண்டு மே மாதம் மறைந்தார்.

இறைவன் ஐடாவுக்கு முழுப் பாதையையும் ஒருசேரக் காட்டவில்லை. ஒவ்வொரு முறையும் அடுத்த அடி மட்டுமே புலப்பட்டது. இளமையில் தம் விருப்பத்தையும், பணியின் தொடக்கத்தில் தந்தையின் துணையையும், முதுமையில் தாம் வகுத்த திட்டத்தையும் அவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வாறு விட்டுக்கொடுத்த பின்னும் நடந்ததே அவருடைய நம்பிக்கை. திண்டிவனத்தில் அன்றிரவு இறந்த மூன்று பெண்களின் பெயர்கள் வரலாற்றில் இல்லை. வேலூரில் நலம்பெற்றுத் தாயும் சேயுமாக வீடு திரும்புவோரின் வாழ்வே அம்மூவருக்கான நினைவுச் சின்னம்.