மானிப்பாயில் வைத்தியம் படிப்பித்த கிறீன்

எங்கள் வீடுகளில் ஒரு பிள்ளை டொக்டருக்குப் படிக்கப் போகிறது என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. படித்து முடித்து யாருக்கு வைத்தியம் பார்க்கப் போகிறாய் என்று கேட்பவர்கள் குறைவு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மானிப்பாயில் ஓர் ஆசிரியரை அந்தக் கேள்வி விடாமல் அரித்தது. அவர் அமெரிக்கரான வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822 இல் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845 இல் பட்டம் பெற்றார். அந்நகரின் சென்ட்ரல் பூங்கா உருவாக முன்னின்ற அன்ட்ரூ கிறீன் இவருடைய தமையன். தம்பிக்கும் அங்கே வசதியான வாழ்க்கை அமைந்திருக்கும். ஆனால் அவர் 1847 இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து இறங்கினார்.

மறு ஆண்டே மானிப்பாயில் நோயாளரைப் பார்த்தபடி மாணவர்களுக்கு மேலைத்தேய மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கற்பித்தது ஆங்கிலத்தில். கெட்டிக்காரப் பிள்ளைகள் வந்தார்கள், நன்றாகப் படித்தார்கள், பிறகு அரசாங்க உத்தியோகம் கிடைத்து வெளியூர்களுக்குப் போனார்கள். பிரசவத்தில் தாய்மார் இறந்துகொண்டிருந்த கிராமங்கள் அப்படியே கிடந்தன. ஆங்கிலம் படித்தவர்கள் உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள் என்ற இதே மனக்குறை, வட்டுக்கோட்டை செமினரி 1855 இல் மூடப்பட்டதற்கும் ஒரு காரணம்.

கிறீன் மாணவர்களுக்குப் புத்திமதி சொல்வதோடு நிற்கவில்லை, படிப்பையே மாற்றினார். ஊருக்குப் போய்த் திரும்பி வந்தபின், 1864 முதல் வைத்தியத்தைத் தமிழில் கற்பித்தார். தமிழில் படித்தவன் தன் ஊரில் இருந்து தன் சனங்களுக்கு வைத்தியம் பார்ப்பான் என்பது அவருடைய கணக்கு.

இங்கே எனக்கு ஒரு சங்கடம். அரசாங்கச் சம்பளத்தைத் தேடிப் போனதெல்லாம் பேராசை அல்ல. தோட்டத்தையும் பனையையும் நம்பியிருந்த ஒரு குடும்பத்தில் மூத்தவனுடைய சம்பளம் தம்பி தங்கைகளைக் கரையேற்றியது. ஊருக்குக் காசு அனுப்பியே பாதி வாழ்க்கையைக் கழித்த எங்களுக்கு அது புரியும். ஆங்கில வழியில் டொக்டரான ஒருவர் அந்தப் படியை மாணவர்களுக்கு முன்னால் அகற்றியது சரியா? முழுவதும் சரி என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் அவர் யாரையும் ஏமாற்றவில்லை. தமிழ் வகுப்பில் சேர்ந்தவனுக்கு, இது உத்தியோகத்துக்குப் போகும் வழி அல்ல, ஊரில் இருக்கும் வழி என்பது சேரும்போதே தெரியும்.

மாணவர்களிடம் கேட்டதற்குக் குறையாமல் தானும் உழைத்தார். தமிழில் பாடநூல்கள் இல்லை, கலைச்சொற்கள் இல்லை. தமிழ் படித்து, மாணவர்களையும் கூட்டிக்கொண்டு நூல்களைத் தமிழாக்கினார். பிரசவ வைத்தியம் 1857 இல் வந்தது. இரணவைத்தியம் 1867 இலும், உடற்கூறு பற்றிய மனுஷ அங்காதிபாதம் 1872 இலும் வந்தன. இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயர். வாய்க்குள் நுழையாத சொற்களும் அவற்றில் உண்டு, ஆனாலும் வகுப்பு நடந்தது. ஆங்கில வகுப்புகளையும் சேர்த்து அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் அறுபதுக்கு மேல்.

இதற்கிடையில் 1870 இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கியது. 1873 இல் கிறீன் உடல்நலம் கெட்டு அமெரிக்கா திரும்பினார். மானிப்பாயின் தமிழ் வகுப்பு அவருக்குப் பிறகு நெடுநாள் நிலைக்கவில்லை.

வூஸ்டரில் இருந்தும் அவர் விடவில்லை. கையெழுத்துப் பிரதிகள் கப்பலில் போய் வந்தன. மனுஷ சுகரணம் 1883 இல் அச்சானது. அடுத்த ஆண்டு மே மாதம் அவர் இறந்தார். தன் கல்லறையில் தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொறிக்கும்படி முன்னரே எழுதி வைத்திருந்தார். மானிப்பாயில் இன்றும் இயங்கும் வைத்தியசாலைக்கு அவருடைய பெயர்தான்.